பாதுகாக்கப்பட்ட சேனல்

"இந்தச் சேனல் பாதுகாக்கப்பட்டது. பார்ப்பதற்கு இன்டர்நெட்டில் இணையவும்." கறுப்புத் திரை, நடுவில் வெள்ளை எழுத்து, மூலையில் சின்னதாக ஒரு பூட்டுப் படம். யாரிடமிருந்து பாதுகாக்கிறான், நைட்டியோடு ரிமோட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிற இந்தச் செண்பகவல்லியிடமிருந்தா? இன்டர்நெட்தான் செத்துவிட்டதே, மோடத்தில் பச்சையாக எரிய வேண்டியது சிவப்பாக மினுக்குகிறது, பிடுங்கிப் பிடுங்கிச் சொருகிப் பார்த்துவிட்டேன், சாமிக்கு முன்னால் தோப்புக்கரணம் போட்டமாதிரி குனிந்து குனிந்து நிமிர்ந்ததுதான் மிச்சம். ஜன்னலுக்கு வெளியே வானம் பாசி பிடித்த தொட்டித் தண்ணீர் நிறத்துக்கு வந்துவிட்டது. கான்சஸுக்கு வந்து இத்தனை வருஷத்தில் சூறைக்காற்றுக்கு முன்னால் வருகிற இந்த நிறத்தை ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறேன், அன்றைக்கு இவர் பக்கத்தில் இருந்தார், என் தோளைப் பிடித்துக்கொண்டு வேடிக்கை காட்டினார். இன்றைக்கு இவர் சாலையில் இருக்கிறார். சாலையிலா, கடையிலா, அதுதான் தெரியவில்லை. "கெளம்பிட்டேன் செம்பா, கடைக்குப் போய்ட்டு" என்றார், அதோடு போன் அறுந்துவிட்டது. கடைக்குப் போய்ட்டு வாரேன் என்று சொல்ல வந்தாரா, கடைக்குப் போய்ட்டு இப்போது வந்துகொண்டிருக்கிறேன் என்று சொல்ல வந்தாரா? போய்ட்டு. அந்த ஒரு சொல்லை எத்தனை விதமாகச் சொல்லிப் பார்த்தாலும் அதற்கு மேல் ஒன்றும் அதிலிருந்து வரமாட்டேன் என்கிறது. இந்தியன் கடை ஊருக்கு மேற்கே இருக்கிறது. பச்சை மேற்கிலிருந்துதான் வருகிறது. "டொர்னேடோ எச்சரிக்கை, உடனே பதுங்குங்கள்" என்று போன் ஒருதரம் அலறியது, அதற்குப் பிறகு அதிலும் சிக்னல் கோடுகள் எல்லாம் போய்விட்டன. எங்கே வருகிறது, எந்தச் சாலையைத் தாண்டுகிறது, அதைச் சொல்கிற டிவி வானிலைக்காரர் இந்தக் கறுப்புத் திரைக்குப் பின்னால் பேசிக்கொண்டுதான் இருக்கிறார். அவர் குரல் காற்றில் வந்து எங்கள் கூரை ஆன்டெனாவில் இறங்கி, வயர் வழியாக இந்தப் பெட்டிக்குள் வந்து, என் கைக்கு எட்டும் தூரத்தில் நின்றுகொண்டிருக்கிறது. வாசல்வரை வந்த விருந்தாளியை உள்ளே விடாத நாய் மாதிரி நடுவில் இந்தப் பூட்டு.

இவர் வாங்கிய பெட்டிதான். என் வீட்டுக்காரர் வேலாயுதத்துக்கு விமான உதிரிபாகத் தொழிற்சாலையில் விரிசல் கண்டுபிடிக்கிற வேலை, அதனாலோ என்னவோ வீட்டிலும் எதையாவது நோண்டாமல் இருக்க முடியாது. "காத்துல சும்மா வர்றத விட்டுட்டு கேபிள்காரனுக்கு எதுக்கு அழணும்" என்று கூரையில் ஆன்டெனாவை ஏற்றினார். நன்றாகத்தான் இருந்தது. பிறகு புதுமாதிரி ஒளிபரப்பு வருகிறது, படம் கண்ணாடி மாதிரி இருக்கும் என்று கேள்விப்பட்டு இந்தப் பெட்டியை வாங்கிவந்தார், உண்மையிலேயே கண்ணாடி மாதிரித்தான் இருந்தது, செய்தி வாசிக்கிறவளின் மூக்கில் பவுடர் திட்டாக நிற்பதுகூடத் தெரிந்தது. பழைய சேனல்கள் ரெட்டை ரெட்டையாக வந்து தொந்தரவு பண்ணுகின்றன என்று அதையெல்லாம் பட்டியலிலிருந்து தூக்கிவிட்டார். அப்புறம்தான் ஒவ்வொன்றாகப் பூட்டு விழுந்தது. சனி ஞாயிறெல்லாம் அதன் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, சேனல் தேடு, அழி, மறுபடி தேடு. உதவிக்குப் பெட்டிக் கம்பெனிக்கு போன் போட்டால் எடுத்த பெண், கருவியில் ஒரு குறையும் இல்லை சார், சேனல்காரர்கள் பூட்டுப் போட்டிருக்கிறார்கள், சாவி இன்டர்நெட் வழியாக வரும் என்றாளாம். "காத்துல வர்ற சேனலுக்கு இன்டர்நெட் எதுக்கு?" என்று இவர் கேட்டதற்கு, "நல்ல கேள்வி சார்" என்றாளாம். அந்த நல்ல கேள்வியைத்தான் நான் இப்போது இந்தப் பச்சை வெளிச்சத்தில் நின்றுகொண்டு கேட்டுக்கொண்டிருக்கிறேன். போன வருஷம் நூலகத்தில் சாப்பாட்டுத் திருவிழா நடந்தபோது உள்ளூர் டிவிக்காரர்கள் வந்து நான் குழிப்பணியாரம் ஊற்றுவதைக் கொஞ்ச நேரம் காட்டினார்கள். இவர் அதைப் பெட்டியில் பதிவு பண்ணி, கோவில்பட்டியில் இருக்கிற அவர் அக்கா ஆவுடை மதினிக்கு அனுப்பப் பார்த்தார். நகலெடுக்க அனுமதி இல்லை என்றது. டிவியையே போனால் படம் பிடித்தார், அதில் என்னைவிட இவர் தொப்பையின் நிழல்தான் பெரிதாகத் தெரிந்தது. கடைசியில் இரண்டு மாதத்துக்கு முன்னால் அக்காவே நேரில் வந்தபோது ஆசையாகப் போட்டுக் காட்டப் போனால், இந்தப் பதிவு காலாவதியாகிவிட்டது என்று வந்தது. ஆவுடை மதினி திரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ஓம் மூஞ்சி ஒனக்குச் சொந்தமில்லையா? அப்ப யாருக்குத் தாயி?" என்று கேட்டாள். அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வந்தது.

சங்கு ஊதிவிட்டது. ஊரெல்லாம் ஊதுகிறது, ஏறி இறங்கி, ஏறி இறங்கி. "என்னட்டி, இங்கயும் மில்லுச் சங்கு ஊதுது?" என்று மதினி படுக்கையறையிலிருந்து கேட்கிறாள். கோவில்பட்டியில் மில்லுச் சங்கு ஊதினால் ஷிப்டு முடிந்து ஆள் வீட்டுக்கு வருகிறது என்று அர்த்தம், இங்கே பூமிக்குக் கீழே ஓடு என்று அர்த்தம். எப்படிச் சொல்வேன்? மதினிக்கு முழங்கால் வீங்கிக் கிடக்கிறது, வந்த நாளிலிருந்து பேஸ்மென்ட் படியில் கால் வைத்ததில்லை. இந்த இரண்டு மாதமாக அவளுக்கும் எனக்கும் சண்டை என்று ஒன்றும் இல்லை, சமாதானம் என்றும் ஒன்றும் இல்லை. என் புளிக்குழம்பை ருசி பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் உப்பை எடுத்து வைப்பாள், நானும் ஒன்றும் சொல்லாமல் உப்பை எடுத்து உள்ளே வைப்பேன். இன்று காலையில்கூட, தன் தம்பி வேலைக்குக் கிளம்பும்போது, "முருங்கக்கா போட்டு ஒரு சாம்பார் தின்னு எம்புட்டு நாளாச்சு" என்றாள், இவரும் "வரும்போது வாங்கிட்டு வாரேன்க்கா" என்றார். அதனால்தான் மேற்கே போனார். நினைக்கக் கூடாது, இப்போது அதை நினைக்கக் கூடாது. "மதினி, எந்திரிங்க, சூறக்காத்து வருது, கீழ போகணும்." அவள் ஜன்னலைப் பார்க்கிறாள், என்னைப் பார்க்கிறாள். "என்னால எறங்க முடியாது தாயி. நான் இங்கனயே முருகான்னு கெடக்கேன், நீ போ." எனக்கு எங்கிருந்து அந்தக் குரல் வந்தது என்று தெரியவில்லை. "ஒங்கள மேல விட்டுட்டு நான் மட்டும் எறங்குனா, ஒங்க தம்பி மூஞ்சிய நான் எப்படிப் பாப்பேன்? எந்திரிங்கன்னா எந்திரிங்க!" எழுந்துவிட்டாள். படி விளிம்பில் உட்காரவைத்தேன், உட்கார்ந்தபடியே ஒவ்வொரு படியாகத் தவழ்கிற பிள்ளைமாதிரி இறங்குகிறாள், நான் கீழே நின்று அவள் பாதம் இரண்டையும் பிடித்து அடுத்த படியில் வைக்கிறேன். விழுந்து கும்பிடுவதற்குத் தவிர அவள் காலை நான் தொட்டதில்லை. எவ்வளவு குளிர்ந்து கிடக்கிறது. குதிகாலில் வெடிப்பு, அதில் வேப்பெண்ணெய் வாசனை. இன்னும் கொஞ்சம்தான் மதினி, இன்னும் கொஞ்சம்.

பேஸ்மென்டில் சலவை யந்திரம், உலர்த்துகிற யந்திரம், கிறிஸ்மஸுக்கு அக்கம்பக்கத்தார் கொடுத்த தேவையில்லாத சாமான்கள், ஓரத்தில் பழைய டிவி. இவர் அதைத் தூக்கிப் போடுகிறேன் என்று நின்றார், துணி மடிக்கிறபோது பேச்சுத்துணைக்கு இருக்கட்டும் என்று நான்தான் தடுத்தேன். ஆனால் அதை ஆன்செய்தே மாதக்கணக்காகிறது, மதினி வந்த பிறகு மேலேயே எனக்கு வேறு பேச்சுத்துணை. தூசியைத் துடைக்கக்கூட நேரமில்லாமல் பிளக்கைச் சொருகுகிறேன். முயல்காது மாதிரி இரண்டு கம்பி நீட்டிய சின்ன ஆன்டெனா, அதைத் தரைமட்டத்து ஜன்னல் பக்கம் நீட்டிப் பிடிக்கிறேன். இதற்குப் பழையமாதிரி ஒளிபரப்பு மட்டும்தான் தெரியும், பழையமாதிரிக்குப் பூட்டுக் கிடையாது என்று இவர் ஒருநாள் சொன்ன ஞாபகம், சொன்னாரா, அல்லது பழசையும் பூட்டிவிடுவார்கள் என்று சொன்னாரா? நான் ஏன் இவர் சொல்வதை எப்போதும் பாதிக் காதால் கேட்கிறேன்? சேனல் தேடுகிறது. ஒரு நீலப் பட்டை எறும்பு மாதிரி ஊர்கிறது. கிடைத்தவை பூஜ்யம். மேலே கூரையில் எதுவோ தட தட என்று கொட்டுகிறது, ஆலங்கட்டியாக இருக்கும். கிடைத்தவை பூஜ்யம். பட்டை பாதி தாண்டிவிட்டது. ஒரு சேனலாவது வா, சமையல் வேண்டாம், நாடகம் வேண்டாம், அந்த ஒரு ஆள் மட்டும் வந்தால் போதும். "என்னட்டி பண்ணுத, வந்து உக்காரு" என்கிறாள் மதினி. கிடைத்தவை ஒன்று.

வந்துவிட்டார். சட்டைக் கையை முழங்கைவரை மடித்துவிட்டுக்கொண்டு வரைபடத்துக்கு முன்னால் நிற்கிறார், இரண்டு சொல் பேசுகிறார், உடனே முகம் சதுரம் சதுரமாகச் சிதறுகிறது, வாய் ஒரு பக்கம், கண் ஒரு பக்கம். கம்பியைத் தூக்கிப் பிடித்தேன், கூடிக்கொண்டது. இப்படியே நின்றால் படம் நிற்கிறது, கையை இறக்கினால் போய்விடுகிறது, சரி, இப்படியே நிற்கிறேன், கை அற்று விழட்டும். "என்ன சொல்லுதான்?" "பொறுங்க மதினி." வரைபடத்தில் சிவப்பு ஒரு கொக்கிமாதிரி வளைந்திருக்கிறது. அந்தக் கொக்கியின் நுனியில்தான் அது இருக்கிறதாம், தரையைத் தொட்டுவிட்டதாம். ஆஸ்பத்திரிச் சாலையைத் தாண்டியாயிற்று. நேராகக் கிழக்கே வந்தால் இந்தியன் கடை இருக்கிற கடைவீதி, அதற்கப்புறம் ரயில்வே பாதை, அதற்கப்புறம் நாங்கள். கடைவீதியில் இருக்கிறவர்கள் கண்ணாடிப் பக்கம் நிற்காதீர்கள், காரில் இருக்கிறவர்கள் பாலத்துக்கு அடியில் ஒதுங்காதீர்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறார். போய்ட்டு. போய்ட்டு வாரேன் என்றால் கண்ணாடிப் பக்கம், போய்ட்டு வந்துகொண்டிருக்கிறேன் என்றால் பாலத்துக்கு அடியில். இவர் பாலத்துக்கு அடியில்தான் நிறுத்துவார், மழை பெய்தாலே அங்கேதான் நிறுத்துவார், கார் பெயின்டின்மேல் அவ்வளவு கரிசனம். காரில் ரேடியோ இருக்கிறதே, போட்டிருப்பார், இல்லை, பழைய பாட்டு ஓடிக்கொண்டிருக்கும். மதினி என்னை விடவில்லை. "எங்கன வருதுன்னு சொல்லுதான்? சொல்லுட்டி." சொன்னேன். கடைவீதிப் பக்கம் என்று சொன்னேன். அவள், "முருங்கக்கா நாந்தான கேட்டேன்" என்றாள். குரலே அவள் குரலாக இல்லை. "வாயக் கட்டி வச்சுருக்கக் கூடாதா நான்? எளவு நாக்கு." தலையில் அடித்துக்கொள்கிறாள். இதே சொற்களைத்தான் நான் போன் அறுந்ததிலிருந்து மனதுக்குள் அவளைச் சொல்லிக்கொண்டிருந்தேன், அவள் வாயிலிருந்து வரும்போது தாங்க முடியவில்லை. ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் அவள் கையைப் பிடித்தேன். "அடிக்காதீங்க மதினி. நீங்க கேக்காட்டியும் அவரு போயிருப்பாரு. அந்தக் கடை பக்கோடாவுக்காகவே வாரா வாரம் போற மனுசன்." அது பொய்யில்லை. சொன்ன பிறகுதான் அது பொய்யில்லை என்று எனக்கே தெரிந்தது.

டிவிக்காரர் பேச்சை நிறுத்திவிட்டார். காதில் மாட்டியிருப்பதை விரலால் அழுத்திக்கொண்டு எதையோ கேட்கிறார். ஏன் நிறுத்தினார், பேசு, ராசா, பேசு. பிறகு திரும்பி வரைபடத்தைப் பெரிதாக்கி, இங்கே பாருங்கள், வடக்கே திரும்புகிறது என்கிறார். கொக்கி மேலே நகர்ந்திருக்கிறது, விரல்நகம் அளவுதான், ஆனால் நகர்ந்திருக்கிறது. கடைவீதிக்கு வடக்கே ஒன்றுமில்லை, கோதுமை வயல், அதைத் தாண்டினாலும் கோதுமை வயல். படம் மறுபடி சிதறுகிறது, ஐயோ இப்போதா, தோள் கடுக்கிறது, நுனிக்காலில் எக்கி நின்றேன், கூடியது. தரையை விட்டு எழும்பிவிட்டதாம். வயல் நடுவில் எழும்பிவிட்டதாம். கோபுரத்துக் கேமராவில் கடைவீதியைக் காட்டுகிறார்கள், மழைக்குள் மங்கலாக, ஆனால் கூரைகள் இருக்கின்றன, விளக்குகள் எரிகின்றன, பெட்ரோல் பங்கின் சிவப்பு விளக்கு எரிகிறது, அதற்குப் பக்கத்துக் கட்டடம்தான் இந்தியன் கடை, அது நிற்கிறது. "போயிருச்சு மதினி, வடக்க போயிருச்சு, மேல ஏறிருச்சு." "மெய்யாவா?" "மெய்யாத்தான்." நம்பலாமா? உடம்பு நம்பமாட்டேன் என்கிறது, கம்பியை விடமாட்டேன் என்கிறது. பாலம் மிச்சமிருக்கிறதே. பாலத்தைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லையே. அப்போதுதான் நைட்டிப் பையில் போன் துடித்தது. ஒன்று, இன்னொன்று, தேங்கிக் கிடந்த செய்தியெல்லாம் ஒன்றாகக் கொட்டுகிறது, அதற்கு நடுவில் மணி அடிக்கிறது.

"செம்பா! கேக்குதா? எங்க இருக்கீங்க? அக்கா எங்க?"

"கீழதான் இருக்கோம். ரெண்டு பேரும் கீழ இருக்கோம். நீங்க?"

"அக்கா எறங்கிட்டாளா! எப்படி எறங்குனா?"

"நீங்க எங்க இருக்கீங்க, அத மொதல்ல சொல்லுங்க!"

"கடையிலதான். கடைக்காரரு எல்லாரையும் தயிரு பாலு வைக்கிற ஐஸ் ரூமுக்குள்ள தள்ளிக் கதவச் சாத்திட்டாரு. சொவரு தடிமனாம், அதுதான் பத்திரமாம். பதினஞ்சு பேரு, மோர் டப்பாவக் கட்டிப் புடிச்சிக்கிட்டு நின்னோம். பல்லு தந்தியடிக்குது எனக்கு."

மதினி போனைப் பிடுங்கிக்கொண்டாள். "ஏய்யா! முருங்கக்காயெல்லாம் வேண்டாம்யா, நீ வந்து சேரு!" இவர் அந்தப் பக்கம் என்னவோ சொல்லியிருக்க வேண்டும், அவள் முகம் சுருங்கி விரிந்து, அழுகையா சிரிப்பா என்று தெரியாத ஒன்றாகி, "வாங்கிட்டானாம்" என்று என்னிடம் போனைக் கொடுத்தாள்.

போனை வைத்தேன். தரையில் உட்கார்ந்துவிட்டேன். கையை இறக்கியதும் டிவியில் படம் போய்விட்டது, குரல் மட்டும் விட்டுவிட்டு வருகிறது, வரட்டும், போகட்டும். சோப்புத்தூள் வாசனை மூக்கில் ஏறுகிறது, இது இங்கே எப்போதும் இருக்கிற வாசனைதான், இப்போதுதான் வருகிறது. பசிக்கிறது. காலையில் தின்ற இரண்டு இட்லிக்குப் பிறகு ஒன்றும் தின்னவில்லை என்று வயிறு சொல்கிறது, அதன் பாட்டுக்குச் சொல்கிறது, வெட்கமே இல்லாமல். உலர்த்தியில் மத்தியானம் போட்ட போர்வைகள் இன்னும் வெதுவெதுப்பாக இருந்தன, ஒன்றை எடுத்து மதினி மேல் போர்த்தினேன், அவள் ஒரு ஓரத்தைத் தூக்கி, "நீயும் வா" என்றாள். அவள் தோளும் என் தோளும் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். "எங்க வீட்டுக்காரரு தூத்துக்குடிக்கு உப்பு ஏத்தப் போன லாரியில போயிருந்தாரு, புயலு வந்துருச்சு" என்று மதினி சுவரைப் பார்த்துக்கொண்டு சொல்கிறாள். "ஒரு தகவலில்ல. கேக்க ஆளில்ல. மறுநா வெயிலேறி, தொப்பு தொப்புன்னு நனஞ்ச கோழி கணக்கா நடந்து வந்தாரு. வந்த மனுசன வாசல் பெருக்குற வாரியலால ரெண்டு போட்டேன்." "அடிச்சீங்களா?" "அடிக்காம? ராத்திரி பூரா என்னயக் கொன்னாரே." சிரிக்கிறாள். பல் இல்லாத இடம் தெரிகிறது. இரண்டு மாதமாக ஒரே வீட்டில் இருக்கிறோம், இவள் இப்படிச் சிரிப்பாள் என்று எனக்குத் தெரியாது. இவர் சொன்னதே இல்லை, அல்லது சொல்லி, நான் பாதிக் காதால் கேட்டிருப்பேன்.

மூச்சு தன்பாட்டுக்கு வந்துபோகிறது, அதைக் கவனித்துக்கொண்டிருக்கிறேன். மேலே அந்தப் பெட்டி இன்னும் பூட்டோடுதான் இருக்கும், என்னைத் திருடி என்று நினைத்துக்கொண்டு. நினைத்துக்கொள்ளட்டும். இந்த ஊரில் எத்தனை வீட்டில் அந்தப் பூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்களோ, கீழே பழைய டிவி இல்லாத வீடுகளில்? அதை இப்போது நினைக்கமாட்டேன், நாளைக்கு நினைத்துக்கொள்கிறேன், நாளைக்கு அந்தப் பெண்ணுக்கு போன் போட்டு நல்ல கேள்விகளாகக் கேட்கிறேன். மதினி எட்டிக் கம்பியைத் தூக்கிப் பிடித்தாள், படம் வந்துவிட்டது. டிவிக்காரர் இப்போது ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறார், எவ்வளவு நேரமாக நின்றாரோ, தண்ணீர் பாட்டிலை ஒரே மூச்சில் குடிக்கிறார், கேமரா தன்மேல் இருக்கிறது என்பதே மறந்துவிட்டதுபோல. அக்குளில் சட்டை வேர்வையில் நனைந்திருக்கிறது. "யாரு பெத்த பிள்ளையோ" என்கிறாள் மதினி. "சாப்பிட்டானோ என்னமோ." ஆமாம் மதினி, எனக்கும் அதுதான் தோன்றியது. கூப்பிட்டு உட்காரவைத்துச் சோறு போடவேண்டும்போல இருக்கிறது. அபாயம் நீங்கியது, ஆனால் இன்னும் கொஞ்ச நேரம் கீழேயே இருங்கள் என்கிறார் அவர். இருக்கிறோம். நீ சொன்னால் இருக்கிறோம்.

தலைக்கு மேலே கராஜ் கதவு உருளுகிற சத்தம். வீடே லேசாக அதிர்கிறது. எத்தனை நாள் இந்தச் சத்தத்தைக் கேட்டு, வந்தாச்சா, இனி காப்பி போடணுமே என்று அலுத்திருக்கிறேன். "செம்பா? அக்கா?" என்று கூப்பிட்டுக்கொண்டே நடக்கிறார், கூடம், சமையலறை, கதவு, படி. முதலில் ஈர ஷூ தெரிகிறது, பிறகு சேறு அப்பிய பேன்ட், பிறகு இவர் முழுசாக. எழுந்து போக வேண்டும், போய்ச் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும், அல்லது கட்டிக்கொள்ள வேண்டும், மதினி இருந்தால் என்ன, ஆனால் என் வாயிலிருந்து வருவது, "ஷூவக் கழத்திட்டு வாங்க, காலைலதான் தொடச்சேன்" என்பதுதான். இவர் அப்படியே நின்றார். என்னைப் பார்த்தார், ஒரே போர்வைக்குள் இருக்கிற எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். "சரி" என்று படியிலேயே உட்கார்ந்து கயிற்றை அவிழ்க்கிறார். விரல் இன்னும் விறைத்துக் கிடக்கிறது, ஈரத்தில் முடிச்சு இறுகிவிட்டது, இழுக்க இழுக்க இன்னும் இறுகுகிறது. நான் போய் அவர் காலடியில் குந்தினேன். எனக்கும் அவிழவில்லை. பல்லால் கடித்துப் பார்த்தேன், வாயெல்லாம் மண். இவர் சிரிக்க ஆரம்பித்தார், சத்தமில்லாமல், தோள் மட்டும் குலுங்க, அவர் சட்டையிலிருந்து ஐஸ் ரூமின் குளிர் என் முகத்தில் அடிக்கிறது, நான் ஷூவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுகிறேனா சிரிக்கிறேனா தெரியவில்லை. போர்வைக்குள்ளிருந்து மதினி எங்களைப் பார்க்காமல் டிவியையே பார்த்துக்கொண்டு கேட்கிறாள், "இந்த வீட்டுல கத்தரிக்கோலு எங்கனட்டி இருக்கு?"